தலையில் கரண்ட் கொடுத்தால் நடை திரும்புமா?

ஆரையூர் தையல்:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஆரையம்பதி. முப்பத்திரண்டு வருசமாகத் தையல் வேலை. போன மாசி மாதம் பாரிசவாதம் வந்தது. மூளையின் வலப்பக்கத்தில் இரத்தக் கட்டி அடைத்துவிட்டது என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். அதனால் இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. கை இன்னும் ஊசியில் நூல் கோக்கிற அளவுக்கு வரவில்லை, ஆனால் துணியைப் பிடித்துக்கொள்ளும். கால்தான் என் கேள்வி.

நடக்கிறேன். முதலில் கைத்தடியோடு கடப்படி வரைக்கும், இப்போது ஒழுங்கை முடியும் வரைக்கும். ஆனால் இடது காலை நேரே தூக்கி வைக்க வரவில்லை, சுழற்றித்தான் வைக்கிறேன். எங்கள் வளவு வெள்ளை மணல். விடியப்புறம் பெண்சாதி கூட்டிவிட்டுப் போன பிறகு நான் நடந்தால், திரும்பிப் பார்க்கும்போது எல்லாம் மணலில் எழுதியிருக்கும். வலது பாதம் அச்சுக் குத்தியதுபோல. இடது பாதத்துக்கு முன்னால் வளைந்த ஒரு கீறல், பிறை மாதிரி. பேரன் அதைப் பார்த்துவிட்டு "அப்பப்பா நிலாக் கீறிக்கொண்டு போறார்" என்கிறான். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

சுவிசில் இருக்கிற தங்கச்சி மகன் ஒரு விளம்பரம் அனுப்பியிருக்கிறான். தலையில் மாட்டுகிற ஒரு பட்டி. உள்ளே சின்னப் பற்றரி. இருபது நிமிடம் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் மூளை புது நடையை விரைவாகப் பிடித்துக்கொள்ளுமாம். "மாமா, நான் வாங்கி அனுப்புறன், காசைப் பற்றி யோசிக்காதீங்க" என்கிறான். பக்கத்து வளவுப் பொடியன் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறான். அவன் இன்னொரு பக்கம்: "பெரியப்பா, இதுக்கு ஏன் காசு, ஒரு 9 வோல்ற்று பற்றரியும் ரெண்டு ஸ்பொஞ்சும் இருந்தா நான் செய்து தாறன்."

எனக்கு ஒன்று மட்டும் தெரியும். சுனாமியில் என் மிதி மெஷின் போய்விட்டது. பிறகு நிவாரணத்தில் மோட்டர் மெஷின் கிடைத்தது. மோட்டர் மெஷினில் காலைச் சும்மா அழுத்தினால் போதும். என் கால் கேட்டதா? ஒரு மாதம் குதியும் விரலும் மாறி மாறி மிதித்துக்கொண்டே இருந்தது. மெஷின் பாயும், நிற்கும், பாயும். எத்தனை பள்ளிக்கூடச் சட்டையின் கழுத்துப்பட்டி கோணிப்போனது என்று கணக்கில்லை. பழகின பிறகு, ஒரு நாள் மாமியார் வீட்டில் மிதி மெஷினில் இருந்தேன். கால் மிதிக்க மறந்து அழுத்திக்கொண்டு நின்றது! ஆகவே காலுக்குப் புதுப் பழக்கம் ஏற நாள் எடுக்கும் என்பது எனக்குப் புதிதல்ல. அந்த நாளைக் கரண்ட் குறைத்துத் தருமா? அதுதான் கேள்வி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேற்றாத்தீவு றேடியோ:

அண்ணே, முதலில் பொடியனின் கையைப் பிடித்து நிறுத்துங்கள். நான் றேடியோ, டீவி, இப்போது இன்வேர்ட்டர் திருத்துகிற ஆள். மூளை பற்றி எனக்குத் தெரியாது, மின்சாரம் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

தலையில் கரண்ட் கொடுக்கிற ஆய்வுகளில் பாவிக்கிற மின்னோட்டம் 1 முதல் 2 மில்லியம்பியர்தான். சின்னது. ஆனால் பற்றரி தருவது வோல்ற்று. ஓடுகிற ஓட்டத்தைத் தீர்மானிப்பது தோலின் தடை. இரண்டு ஸ்பொஞ்சுக்கும் இடையில் 4500 ஓம் இருந்தால் 9 வோல்ற்று சரியாக 2 மில்லியம்பியர் தள்ளும். நீங்கள் நடந்து வியர்த்து, உப்புத் தண்ணீர் ஊறி, அது 1500 ஓமுக்கு இறங்கினால் அதே பற்றரி 6 மில்லியம்பியர் தள்ளும். எங்கள் ஊர் வெயிலில் வியர்க்காமல் யார் நடக்கிறார்? உண்மையான கருவிக்குள் தடை ஏறினாலும் இறங்கினாலும் ஓட்டத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கிற சுற்று இருக்கும். தொடங்கும்போது மெல்ல ஏற்றும், முடியும்போது மெல்ல இறக்கும். பொடியனின் இரண்டு வயருக்கு அந்தப் புத்தி கிடையாது.

இன்னொன்று. ஸ்பொஞ்ச் ஒரு பக்கம் காய்ந்து மூலை மட்டும் தோலில் தொட்டுக்கொண்டிருந்தால் முழு ஓட்டமும் அந்த மூலைக்குள்ளால் போகும். அங்கே தோல் வேகும். மூளை திருந்துகிறதோ இல்லையோ, பிடரியில் வடு நிச்சயம்.

இது இன்று நேற்றுத் தொடங்கின ஆசையுமில்லை. உரோமாபுரியில் முதலாம் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர், தலையிடிக்காரனின் தலையில் உயிருள்ள மின்திருக்கையை வைக்கச் சொல்லி எழுதி வைத்திருக்கிறார். நல்லவேளை உங்கள் பொடியன் அதை வாசிக்கவில்லை, வாசித்திருந்தால் வலையோடு கடலுக்குப் போயிருப்பான்.

திருக்கோவில் வாசகி:

அண்ணா, நான் பட்டதைச் சொல்கிறேன். என் மனுசனுக்கும் இதே வருத்தம்தான், வலப்பக்கம். ஒரு தனியார் இடத்தில் மூளைக்குக் கரண்ட் கொடுத்து நடக்க வைப்போம் என்றார்கள். இடத்தின் பெயர் வேண்டாம். பத்துத் தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் ஓட்டோக் காசு வேறு. கட்டிலில் படுக்க வைத்து, தலையில் இரண்டு பட்டியைக் கட்டி, அரை மணித்தியாலம் விட்டுவிடுவார்கள். மனுசன் நித்திரை கொண்டுவிடுவார். எழுப்பி, காசை வாங்கிக்கொண்டு அனுப்புவார்கள். ஒரு நாளாவது எழும்பி நில்லுங்கள், நடந்து காட்டுங்கள் என்று யாரும் சொன்னதில்லை. பத்தும் முடிய, போனபோது இருந்த நடைதான் திரும்பி வரும்போதும் இருந்தது. நித்திரை மட்டும் நன்றாக வந்தது.

கடைசியில் அவரை நடக்க வைத்தது எங்கள் வீட்டு மாடு. அவிழ்த்துக் கட்டப் போக வேண்டும் என்ற பிடிவாதம்.

மருதமுனை பிசியோ:

தங்கச்சி, வாசிக்கக் கவலையாக இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்னதில்தான் முழு விசயமும் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

ஆரையூர் அண்ணன், பதில் சொல்லுமுன் எனக்கு இரண்டு விவரம் வேண்டும். நான் பாரிசவாதக்காரர்களை நடக்கப் பழக்குகிற வேலையில் பதினொரு வருசம் இருக்கிறேன்.

ஒன்று: வருத்தம் வந்தபோதோ பிறகோ வலிப்பு வந்ததா? கையோ காலோ தானாகத் துடித்ததா? மண்டையில் தகடு, நெஞ்சில் பேஸ்மேக்கர் ஏதாவது உண்டா?

இரண்டு: உங்களிடம் அளவு நாடா இருக்கும், கூட்டின மணலும் இருக்கிறது. ஆசுப்பத்திரியில் எனக்குக் கிடைக்காத வசதி அது. நாளைக்கு விடிய, பெண்சாதி கூட்டின கையோடு, யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து அடி நடங்கள். பிறகு பேரனை விட்டு அளக்கச் சொல்லுங்கள். குதியில் இருந்து குதிக்கு. இடது அடி என்றால், இடது குதி விழுந்த இடத்துக்கும் அதற்கு முந்தின வலது குதிக்கும் இடையில் உள்ள நீளம். வலது அடி அதேபோல மறுபக்கம். முதல் இரண்டையும் கடைசி இரண்டையும் விட்டுவிடுங்கள், அவை எப்போதும் பொய் சொல்லும்.

ஆரையூர் தையல்:

பிசியோ தங்கச்சி, அளந்தோம். பேரன் சோக்கட்டியும் கொண்டு வந்தான், மணலில் சோக்கட்டி எதற்கு என்று கேட்டால் "தைக்கிறவங்க சோக்காலதானே அடையாளம் போடுவாங்க" என்கிறான்.

எனக்கு ஆச்சரியம். நான் இத்தனை நாளும் இடது கால்தான் கட்டை அடி வைக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாடா வேறு சொல்கிறது. இடது அடி 17 அங்குலம், 16½, 17. வலது அடி 12, 11½, 12. நல்ல கால்தான் கட்டையாக வைக்கிறது! இரண்டு தரம் அளந்தேன், ஒருதரம் நானே குனிந்து பார்க்கப் போய்ப் பெண்சாதியிடம் ஏச்சும் வாங்கினேன். இது எப்படி?

மற்றது, வலிப்பு. வார்டில் இரண்டாம் இரவு இடது கை தானாகத் துடித்தது. இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். அதிலிருந்து ஒரு குளிசை தருகிறார்கள், இப்போதும் காலையிலும் இரவிலும் குடிக்கிறேன். கிளினிக் கொப்பியில் கார்பமசெபின் என்று இருக்கிறது. தகடும் இல்லை, பேஸ்மேக்கரும் இல்லை.

கல்லடிக் காற்று:

17க்கு 12 என்றால் அண்ணே, ஒரு காலை றோட்டிலும் ஒரு காலை வாய்க்காலிலும் வைத்து நடந்தால் சமப்பட்டுவிடும். காசு செலவில்லை. 😄

மருதமுனை பிசியோ:

கல்லடித் தம்பி, பகிடிக்குச் சொன்னதை யாராவது செய்து இடுப்பை உடைத்துக்கொண்டால் என்னிடம்தான் வருவார்கள். வேண்டாம்.

அண்ணன், உங்கள் கணக்கு சரி, நாடா பொய் சொல்லவில்லை. பலருக்கு இப்படித்தான். ஒரு கால் நீளமாக முன்னே போக வேண்டுமென்றால் மற்றக் கால் நிலத்தில் நின்று உடம்பைத் தள்ள வேண்டும். உங்கள் வலது கால் முன்னே போகிற நேரம் உடம்பைத் தாங்கித் தள்ள வேண்டியது இடது கால். அதற்குப் பலமும் இல்லை, உங்களுக்கு அதன்மேல் நம்பிக்கையும் இல்லை. அதனால் வலது கால் அவசரமாக வந்து விழுகிறது, 12. இடது கால் சுழன்று போகும்போது நல்ல கால் நின்று தாங்குகிறது, ஆகவே அது நிதானமாக 17 போகிறது. கட்டையாக இருப்பது வலது அடி, குறை இருப்பது இடது காலில். முதல் தரம் இதைப் படித்தபோது எனக்கும் தலை சுற்றியது.

வலிப்பு விசயம்: அந்தப் பட்டியை நீங்கள் வாங்க வேண்டாம். வலிப்பு வந்தவர்களை இந்த ஆய்வுகளிலேயே பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள். வீட்டில் தனியே போட்டுப் பார்ப்பது என்ற கதைக்கே இடமில்லை.

கருவி உண்மையில் என்ன செய்கிறது என்பதை நான் சொல்வதைவிட இங்கே ஒரு தம்பி இருக்கிறார், அந்த ஆய்வுகூடத்துக்குள்ளேயே போய் வந்தவர். தம்பி, எங்கே?

வந்தாறுமூலைப் பொடியன்:

இருக்கிறேன் அக்கா. இங்கே இரவு இரண்டு மணி, வாசித்துவிட்டுப் படுப்போம் என்று பார்த்தால் கூப்பிட்டுவிட்டீர்கள்.

அண்ணன், நான் டாக்டர் இல்லை. அமெரிக்காவில் படிக்க வந்த புதிதில் கைச்செலவுக்காக ஓர் ஆய்வுக்கு ஆளாகப் போனேன். அங்கே இருந்த ட்ரெட்மில்லுக்கு ஒரு பட்டி இல்லை, இரண்டு. வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று, இரண்டையும் வேறு வேறு வேகத்தில் ஓட விடலாம். விழாமல் இருக்க நெஞ்சில் பட்டி கட்டி மேலே கொளுவி விட்டார்கள். பிறகு இடதை மெதுவாகவும் வலதை அதைப்போல இரண்டு மடங்கு வேகமாகவும் ஓட விட்டார்கள்.

முதல் இரண்டு நிமிடம் நான் நடந்த நடையை அம்மா பார்த்திருந்தால் அழுதிருப்பா. சுத்த நொண்டி. மெதுவான பட்டியில் நின்ற கால் நீள அடி, வேகமான பட்டியில் நின்ற கால் கட்டை அடி. உங்கள் 17உம் 12உம் மாதிரியேதான். பத்து நிமிடம் போக, நான் எதுவும் யோசிக்காமலே அடி இரண்டும் சமமாகிவிட்டது. பட்டிகள் இன்னும் வேறு வேறு வேகத்தில்தான் ஓடுகின்றன, ஆனால் நொண்டி போய்விட்டது. பிறகு இரண்டு பட்டியையும் ஒரே வேகத்துக்குக் கொண்டு வந்தார்கள். இப்போது நான் மறுபக்கம் நொண்டினேன்! பட்டி சமமாக ஓடுகிறது என்று கண்ணால் பார்க்கிறேன், மண்டைக்குத் தெரிகிறது, கால் கேட்கவில்லை. நீங்கள் மாமியார் வீட்டு மிதி மெஷினில் அழுத்திக்கொண்டு நின்ற கதையை வாசித்தபோது எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வந்தது. அவர்கள் அளப்பதும் அதைத்தான்: ஏற எவ்வளவு நேரம், ஏறினது இறங்க எவ்வளவு நேரம்.

இந்த ஏற்றத்தைச் செய்வது சிறுமூளை, பிடரிக்கு உள்ளே இருப்பது. 2006 இல் மோர்ட்டன், பாஸ்டியன் என்ற இருவர், சிறுமூளை பழுதானவர்களை இதே இரட்டைப் பட்டியில் நடக்க விட்டுப் பார்த்தார்கள். நொண்டல் சமப்படவில்லை, பட்டி ஓடினாலும் அந்தப் பழக்கம் ஏறவில்லை. அடுத்த வருசம், 2007 இல், ரைஸ்மனும் பாஸ்டியனும் மற்றவர்களும் பாரிசவாதக்காரர்களைப் பார்த்தார்கள். உங்களைப் போல மேல்மூளை பழுதாகி, சிறுமூளை தப்பினவர்கள். அவர்களுக்கு ஏறியது. அதுவும் எப்படி என்றால், நொண்டலைத் திருத்துகிற பக்கமாக அல்ல, கூட்டுகிற பக்கமாகப் பட்டியை ஓட்ட வேண்டும். உங்கள் கணக்குக்கு இடது காலை மெதுவான பட்டியிலும் வலது காலை வேகமான பட்டியிலும் விட்டால் 17 இன்னும் நீளும், 12 இன்னும் குறையும். சிறுமூளை "இது பிழை, பெரிய பிழை" என்று கண்டு பிடித்து எதிர்ப்பக்கம் இழுக்கும். பட்டியைச் சமமாக்கினதும் அந்த இழுவை மிஞ்சி நிற்கும், அடி சமமாக விழும். கொஞ்ச நேரத்துக்குத்தான். ஆனால் மூளைக்குச் சமமாக நடக்கிற சத்து இன்னும் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. 2013 இல் ரைஸ்மன் குழு 12 தடவை தொடர்ந்து இப்படிப் பழக்கியபோது, மூன்று மாதம் கழித்தும் சிலருக்கு அடி வித்தியாசம் குறைந்தே நின்றிருந்தது.

கரண்ட் எங்கே வருகிறது? 2012 இல் பால்ட்டிமோரில், அதே பாஸ்டியனும் செல்னிக் என்பவரும் இருந்த குழு, சுகமான ஆட்களை இரட்டைப் பட்டியில் நடக்க விட்டு, நடக்கும்போதே சிறுமூளைக்கு மேலே மின்வாயை வைத்தார்கள். நேர்மின்வாய் வைத்தவர்களுக்குப் புது நடை வேகமாக ஏறியது. எதிர்மின்வாய் வைத்தவர்களுக்கு மெதுவாக ஏறியது. இறங்குகிற வேகத்தில் வித்தியாசமில்லை. இன்னொரு நுணுக்கம்: அடி எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்பதில்தான் மாற்றம் வந்தது, எந்த நேரத்தில் விழுகிறது என்பதில் வரவில்லை. அதே வருசம் லண்டனில் இன்னொரு குழு வேறு ஒன்றைப் பார்த்தது. நின்றுபோன நகரும் படியில் கால் வைத்தால் உடம்பு ஒரு குலுக்குக் குலுக்குமே, கொழும்பில் கடைகளில் பட்டிருப்பீர்கள். அது நிற்கிறது என்று தெரிந்தே வருகிற குலுக்கல். மேல்மூளையின் இயக்கப் பகுதிக்குக் கரண்ட் கொடுத்தபோது அந்த மிச்சக் குலுக்கல் கூடியது.

ஆக, விளம்பரக்காரன் முழுப் பொய் சொல்லவில்லை. ஆனால் கவனியுங்கள்: அந்த ஆட்கள் எல்லோரும் சுகமானவர்கள். பால்ட்டிமோரில் காலுக்குக் கீழே நடையைப் பழக்குகிற பட்டி ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் அந்தப் பழக்கத்துக்குக் கொஞ்சம் உசார் கொடுத்ததே தவிர, அது நடையைக் கற்பிக்கவில்லை. திருக்கோவில் அக்காவின் மனுசனுக்கு நடந்தது இதுதான். படுத்திருந்தவருக்குக் கரண்ட் கொடுத்தால் மூளை எதைக் கற்கும்? படுக்கக் கற்கும். 2016 இல் இந்தத் துறை ஆராய்ச்சியாளர்கள் பலர் கையெழுத்திட்டு, வீட்டில் தாங்களே செய்து பார்க்கிறவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். கரண்ட் ஓடும் நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விளைவு மாறும், ஆளுக்கு ஆள் மாறும், மின்வாய்க்கு நேர்கீழே மட்டும் அது நிற்காது என்று அதில் சொல்லியிருந்தார்கள்.

பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடவும் இல்லை. கையால் குறி பழகுவதில் சிறுமூளைக்குக் கரண்ட் உதவுகிறது என்று 2011 இல் சொன்னவர்களில் ஒருவரே, 2017 இல் பர்மிங்காமில் மற்றவர்களோடு சேர்ந்து பல விதமாகச் செய்து பார்த்துவிட்டு, நிலையான பலன் இல்லை என்று எழுதினார். தன் முடிவையே திருப்பிச் சோதித்துச் சொல்வதற்கு ஒரு நேர்மை வேண்டும், அந்த ஆளுக்கு நான் தொப்பி கழற்றுவேன்.

இனி என் வெட்கக்கேடு. எனக்கும் பிடரியில் ஸ்பொஞ்சும் கன்னத்தில் ஒன்றும் வைத்தார்கள். தொடக்கத்தில் எறும்பு கடிக்கிற மாதிரி ஒரு சுணைப்பு. இறங்கி வந்து அறைக்காரப் பொடியன்களிடம் "மூளை அப்படியே திறந்த மாதிரி இருந்தது, எனக்கு எல்லாரிலும் பார்க்க விரைவாக ஏறியது" என்று அளந்தேன். மூன்று மாதம் கழித்துத்தான் சொன்னார்கள், எனக்குத் தந்தது பொய்க் கரண்ட். அரை நிமிடம் சுணைக்க விட்டு நிறுத்திவிடுவார்களாம், ஆளுக்குத் தெரியக்கூடாதென்று. இன்றைக்கும் அறையில் அந்தப் பகிடி ஓயவில்லை. விளம்பரத்துக்குக் கீழே "எனக்கு வேலை செய்தது" என்று எழுதுகிறவர்களை வாசிக்கும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, முக்கியமானது. நீங்கள் குடிக்கிற கார்பமசெபின், நேர்மின்வாயால் வருகிற உசாரை இல்லாமல் செய்துவிடும் என்று ஜேர்மனியில் பல வருசத்துக்கு முன்பே காட்டியிருக்கிறார்கள். அதாவது பட்டியை வாங்கினாலும் உங்களுக்கு அது வெறும் தலைப்பட்டிதான். இதை வாசித்துவிட்டுக் குளிசையை நிறுத்திப் பார்ப்போம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பிசியோ அக்கா, நீங்களும் ஏசுங்கள்.

மருதமுனை பிசியோ:

ஏசுகிறேன். குளிசையில் கை வைக்கக்கூடாது, கிளினிக்கில் சொல்லாமல் ஒரு நேரம்கூட விடக்கூடாது.

தம்பி சொன்ன இரட்டைப் பட்டி நம்மிடம் இல்லை, இல்லாததற்கு ஏங்கிப் பயனில்லை. இருப்பது மணல். அண்ணன், உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இடது காலை மறந்துவிட்டு வலது காலைப் பாருங்கள். வலது அடியை 12 இல் இருந்து 13க்குக் கொண்டு போகப் பாருங்கள். வலது கால் அந்த ஓர் அங்குலம் கூடப் போக வேண்டுமென்றால் இடது கால் அந்த நேரம் கூட நின்றே ஆக வேண்டும், அதற்குத் தப்ப வழியில்லை. முதலில் மணல் வேண்டாம், மணலில் பாதம் புதையும். திண்ணையில், சுவரோரம், ஒரு கை சுவரில். பேரனின் சோக்கட்டிக்கு இப்போது வேலை வந்துவிட்டது: சீமெந்தில் வலது காலுக்கு மட்டும் கோடு போடச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆள் இல்லாமல் செய்யக்கூடாது. உங்களைப் பார்க்கிற பிசியோவிடம் ஒருதரம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள், முழங்காலும் கணுக்காலும் எப்படி என்று எனக்கு இங்கிருந்து தெரியாது.

செருப்பையும் பாருங்கள். பாட்டாச் செருப்பா? இடது விரலிடுக்குப் பிடிக்காமல் அது வழுகினால் காலைச் சுழற்றத்தான் வரும். பின்னால் வார் உள்ளது போடுங்கள்.

தேற்றாத்தீவு றேடியோ:

அண்ணே, மிச்சக் காசுக்கு மெஷினுக்கு ஒரு முழங்கால் விசை போட்டுத் தரட்டா? இடது கால் ஓய்ந்திருக்கட்டும், வலது முழங்காலால் தட்டினால் ஓடுகிற மாதிரி. கூலி வேண்டாம், ஒரு சட்டை தைத்துத் தாருங்கள்.

ஆரையூர் தையல்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமை ஆகிவிட்டது, சொல்லாமல் இருந்தது பிழை.

தங்கச்சி மகனுக்குப் பட்டி வேண்டாம் என்று சொன்னேன். கோபித்துக்கொண்டான், பிறகு வார் செருப்பு வாங்கி அனுப்பியிருக்கிறான். சுவிஸ் செருப்பு, எங்கள் மணலுக்கு அது கொஞ்சம் பாரம்தான். பக்கத்து வளவுப் பொடியனுக்குத் தேற்றாத்தீவுத் தம்பியின் ஓம் கணக்கை வாசித்துக் காட்டினேன். தாளில் எழுதிப் பார்த்துவிட்டு "அது சரிதான் பெரியப்பா" என்று பற்றரியைத் தன் டோச்சுக்குள் போட்டுக்கொண்டான்.

பிசியோ மிஸ்ஸிடம் காட்டினேன். அவர் முழங்காலைப் பிடித்துப் பார்த்து, கோடு போடலாம் என்றார், ஆனால் ஒரு நாளைக்கு இருபது அடிக்கு மேல் வேண்டாம் என்றார். திண்ணையில் பேரன் கோடு போடுகிறான். சொல்கிறதைவிட அரை அங்குலம் கூட்டித்தான் போடுகிறான், கேட்டால் தையலுக்கு விடுகிற மடிப்பாம். வலது காலைக் கோட்டில் வைக்கப் போகிற அந்த ஒரு கணம் இடது கால் நடுங்குகிறது. முழங்கால் பின்னால் போகப் பார்க்கிறது. சுவரைப் பிடிக்காமல் இதுவரை ஒருதரம்தான் வைத்தேன், அதுவும் பெண்சாதி குசினியில் இருந்தபோது, அவவுக்குத் தெரியாது.

நேற்று விடிய மணலில் அளந்தோம். இடது 16½. வலது 13, 12½, 13. பிறை இன்னும் இருக்கிறது, கொஞ்சம் குட்டையாக. இன்றைக்கும் அளந்திருப்போம், இரவு மழை பெய்து மணல் இறுகிவிட்டது, கீறல் சரியாக விழவில்லை. காய்ந்ததும் அளந்து போடுகிறேன்.

றேடியோத் தம்பி, முழங்கால் விசை போடுவோம். நெஞ்சளவையும் தோளளவையும் அனுப்பிவிடுங்கள். கழுத்துப்பட்டி கோணினால் என்னை ஏசக்கூடாது.